பாம்பனில் கூண்டு ஏறவில்லை

ஊசிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு, ரத்தோட்டை.
12.02.1983

தம்பி செல்லச்சாமிக்கு அக்கா பாப்பம்மா எழுதுவது. முழங்காலை விட்டுவிட்டால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். உன் பெண்டாட்டி காந்தாவையும் கேட்டதாகச் சொல். கல்யாணத்தன்று எல்லாருக்கும் தட்டு வைத்துப் பலகாரம் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் அவள் தட்டில்லாமல் வெறுங்கையில் ஒரு முறுக்கைக் கொடுத்ததை நான் மறக்கவில்லை என்றும் சொல்.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் வந்தது. “அக்கா, வந்துவிடுங்கள்” என்று இந்த வருஷமும் எழுதியிருக்கிறாய். என் இந்தியப் பாஸ்போட்டும் வந்துவிட்டது. தபால்காரர் அதைக் கொடுக்கும்போது லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடி நின்று பார்த்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி சொல்கிறாள், “அப்பாயி, யாரையோ ஏசிட்டு வந்து ஒக்காந்த மாதிரி இருக்கீங்க” என்று. அவள் சொன்னது சரி. படம் பிடிக்கும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதும்போது, விதவை என்று என்னையும், வயசாளி என்று அம்மாவையும் உன் பெயருக்குக் கீழே போட்டாய். என் மகன் இராமசாமி தனியாக எழுதி இலங்கைக்காரன் ஆனான். நான் இந்தியாக்காரி. ஒரே அடுப்பில் சாப்பிட்ட தாயும் மகனும் இரண்டு நாட்டு ஆட்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். அம்மாவைக் கார்த்திகை மாதத்தில் கப்பலேற்றினாயே, அதை விடமாட்டேன். கண்டி ஸ்டேஷனில், சனமெல்லாம் அழுது வழியனுப்புகிற அந்த ஒப்பாரிக் கோச்சி புறப்படும்போது நீ என்ன சொன்னாய்? “தை பொறக்கட்டும்டா” என்று நான் கதறினேன். “வீசா முடியுதுக்கா. கடலு கொளம் மாதிரி கெடக்காம், போய் வந்தவங்க சொன்னாங்க” என்றாய். குளமாம்! அம்மா வழியெல்லாம் வாந்தியெடுத்து, இறங்கிய இடத்து முகாமிலேயே படுத்து, எழும்பவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் உன் கடிதம் எனக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் கடல் வானிலை கேட்கிறேன். கடலை நான் கண்டதில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிதான் நான் கண்ட பெரிய தண்ணீர். ஆனால் மன்னார் வளைகுடாவில் எந்த மாதம் எந்தப் பக்கத்துக் காற்று, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் எங்கே பிறக்கிறது, பாக்கு நீரிணையில் எப்போது அலை உயரும், எல்லாம் சொல்வேன். கொய்யா மரத்தில் கம்பி கட்டித் திருச்சி வானொலியைப் பிடிக்கிறேன். நீ சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அறியத்தான் கேட்கத் தொடங்கினேன். இப்போது அதைக் கேட்காவிட்டால் சோறு இறங்குவதில்லை.

கார்த்திகையில் கொண்டுபோனது தப்பு என்று உன் கையால் எழுது. வருவதா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம்.

பிள்ளைகளை நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

அக்கா,
பாப்பம்மா


பாம்பன்,
20.03.1983

மதிப்புள்ள அக்காவுக்குத் தம்பி செல்லச்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெயில் நொச்சி இலை போட்டுக் காய்ச்சித் தடவுங்கள்.

உங்கள் கடிதத்தைக் காந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஒண்ணு இல்ல, ரெண்டு முறுக்கு குடுத்தேன். ஒண்ண அங்கயே தின்னுட்டாங்க” என்கிறாள். உங்கள் சண்டைக்கு நான் வரவில்லை.

எனக்குத் துறைமுக ஆபீஸில்தான் இன்னும் வேலை. புயல் கூண்டு ஏற்றுவதைப் பற்றி முன்பு ஒருமுறை கேட்டிருந்தீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூங்கிலில் பின்னிக் கறுப்புத் துணி சுற்றிய கூடை. நம் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருக்கும். மெட்ராஸிலிருந்து தந்தி வந்ததும் ஆபீஸர் ஐயா நம்பர் சொல்வார். கொடிமரத்தில் கயிற்றை இழுத்து ஏற்றிவிடுவேன். ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ தாழமுக்கம். மூன்று என்றால் இங்கேயே காற்று பலக்கும், படகு போகக்கூடாது. அதற்கு மேலே போனால் நாங்களும் வீட்டில் இருக்கக்கூடாது. கடற்கரையில் நிற்கிற ஆட்கள் எல்லாம் அந்தக் கூடையைப் பார்த்துத்தான் அன்றைக்கு உலை வைப்பதா என்று முடிவு செய்வார்கள்.

நடந்ததை விடுங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு விளக்கு வைக்கிறேன். சமாதியின் தலைமாட்டில் நட்ட பூவரசு நிழல் கட்டிவிட்டது. இப்போது கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது. பங்குனி, சித்திரை இரண்டும் நல்ல மாதம். வாருங்கள். இங்கே ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது.

பெரியவளுக்கு உங்கள் மூக்கு. கோபமும் உங்களுடையதுதான்.

தங்கள் தம்பி,
செல்லச்சாமி


பாம்பன்,
09.08.1983

அக்காவுக்கு,

பங்குனியில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தப்பு என்று எழுதாததால் கோபம் என்று சும்மா இருந்தேன். இப்போது அது வெறும் கோபமாகவே இருக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மாத்தளையில் கடைத்தெரு எரிந்ததாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். தோட்டங்களுக்குள்ளேயும் கலவரக்காரர்கள் வந்தார்கள் என்று கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் இராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போய், “ரத்தோட்டைப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்கிறேன். நாவலப்பிட்டி என்கிறார்கள், பதுளை என்கிறார்கள். ரத்தோட்டை ஒருவரும் இல்லை.

இராமசாமியும் மருமகளும் பேத்தியும் எப்படி? ஒரு வரி போதும் அக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

செல்லச்சாமி


ஊசிமலைத் தோட்டம்,
18.09.1983

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் எல்லாரும் உயிரோடு சுகம். உன் கடிதம் ரத்தோட்டையெல்லாம் சுற்றி, ஸெய்னுலாப்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது. இனிமேல் அந்தக் கடை விலாசத்துக்கே போடு.

இங்கே காற்று. ரிவர்ஸ்டன் பக்கம் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. இந்த மாதத்தில் வழக்கமாக அடிக்கிற காற்றுதான். மிளகுக் கொடியெல்லாம் சாய்ந்துவிட்டது. லயத்துக்குப் புதிதாகக் கூரை போடுகிறார்கள். அது முடியும் வரைக்கும் நான் பிள்ளைக் காம்பராவில் படுக்கிறேன். பகலில் கொழுந்துக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விடுகிற இடம். பொழுது சாய்ந்தால் நானும் வெறும் தொட்டில்களும்தான். என் ரேடியோ இப்போது இல்லை. கடையில் நின்று கேட்கிறேன்.

நான் வருகிறேன்.

ஏன் என்று கேட்காதே. இங்கே குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை. தப்பு என்று நீ எழுதவில்லை. அது நிற்கட்டும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த மாதம், எந்தக் கிழமை கப்பலேறினால் என்னைப் போன்றவளுக்குக் கடல் சரியாக இருக்கும் என்று நீ சொல். கூண்டு ஏற்றுகிறவன் நீ. நீ சொன்ன பிறகுதான் நான் கோச்சி ஏறுவேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இறங்கியதும் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகாதே. நேரே அம்மாவிடம் கூட்டிப் போ. அந்தப் பூவரசு நிழலில் நான் தனியாக உட்கார வேண்டும். அம்மாவிடம் சொல்ல எனக்கு நிறையக் கிடக்கிறது.

காந்தாவிடம் சொல், நான் அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை.

அக்கா


பாம்பன்,
30.10.1983

மதிப்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் காந்தா அழுதுவிட்டாள். பிள்ளைகள் அத்தை வருகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, இப்போது வேண்டாம். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. போன வாரம் மூன்றாம் எண் ஏற்றினேன். ஐப்பசிப் பாதிக்கு மேல், கார்த்திகை, மார்கழி இந்தக் கடலை நம்ப முடியாது. கப்பலே சில வாரம் வருவதில்லை. நீங்களே சொல்கிற மாதிரி, தை பிறக்கட்டும். பிறகு நான் நல்ல நாள் பார்த்து எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கோச்சி ஏறிவிடாதீர்கள்.

மழையில் நனையாதீர்கள்.

தம்பி


ஸெய்னுலாப்தீன் கடை,
ரத்தோட்டை வீதி.
22.01.1984

தம்பி செல்லச்சாமிக்கு, தை பிறந்துவிட்டது. நீயும் வீட்டாரும் பொங்கினீர்களா? நான் பொங்கவில்லை. ஒருத்திக்கு எதற்குப் பானை? றமீஸா, நானாவின் மகள், ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் என் பொங்கல்.

வாடை ஓயட்டும் என்று நீ எழுதியது நியாயம். நானும் கேட்டேன். மார்கழியில் இரண்டு முறை பாம்பன் பெயர் வந்தது. “பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது” என்று ரேடியோவில் அந்தப் பிள்ளை வாசித்ததும், கடையில் இருந்தவர்களிடம், “ஏத்துனது என் தம்பி” என்றேன். கடைக்கார நானா கேட்கிறார், “அப்ப எறக்குறது யாரு ஆச்சி?” என்று. “அதுவும் அவன்தான். கோவத்த ஏத்திட்டு எறக்காம உடுறது எங்க குடும்பத்துல நான் மட்டுந்தான்” என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இராமசாமி வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் காணி பிடிக்கப் போய்விட்டான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப் போய்விட்டான். “அம்மா, நீங்களும் வாங்க” என்றான். மருமகள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவள் வீட்டில் நான் எப்படிப் போய்ச் சாப்பிடுவது? எங்கள் லயத்து வரிசை ஆட்களில் இங்கே மிச்சம் நான்தான்.

பெட்டி கட்டிவிட்டேன். நாள் சொல்.

அக்கா


பாம்பன்,
03.03.1984

மதிப்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறோம்.

இந்த வருஷம் கடல் ஒரு மாதிரியாக இருக்கிறது. மாசி பிறந்தால் அமைதியாகிவிடும் என்று பார்த்தேன். ஆகவில்லை. போன திங்கட்கிழமை திரும்பவும் மூன்றாம் எண் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றி நான்கு நாளாகியும் இறக்கவில்லை. கப்பலில் வருகிறவர்கள் ரொம்பச் சிரமப்படுகிறார்கள். உங்கள் வயசுக்கு ஆகாது. கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு நாள் இருந்தீர்கள், இன்னும் கொஞ்சம்.

தம்பி


ஸெய்னுலாப்தீன் கடை,
15.04.1984

செல்லச்சாமிக்கு,

நான் சுகம். உன் சுகத்தை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

நீ கூண்டு ஏற்றியதாக எழுதிய திங்கட்கிழமையும், அதற்கு அடுத்த நாட்களும் நான் கடையில் ரேடியோவுக்கு முன்னால் நின்றேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் காதில் விழுந்தது போகாது. “மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடல் அமைதியாகக் காணப்படும். துறைமுகங்களில் எச்சரிக்கை எதுவும் இல்லை.” அந்த வாரம் முழுவதும் இதுதான். பாம்பனில் கூண்டு ஏறவில்லை.

ரேடியோ தப்பாகச் சொன்னது என்று எழுதப் பார்க்காதே. கீழ்ப்பிரிவு இருளாண்டி குடும்பம் அதே வாரத்தில்தான் கப்பலேறியது. போய்ச் சேர்ந்து கடிதம் போட்டிருக்கிறான். மடியில் கிடந்த பிள்ளை விழிக்கவே இல்லையாம், அவ்வளவு அமைதியாம்.

காந்தா வேண்டாம் என்கிறாளா? இரண்டு முறுக்குக்காரி. ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது என்றாயே, அந்தப் பாயைச் சுருட்டிவிட்டாளா? எட்டு வருஷமாக வா வா என்று எழுதினாய். வரமாட்டேன் என்று இருந்த வரைக்கும் கூப்பிட்டாய். வருகிறேன் என்றதும் கடல் கெட்டுவிட்டது.

கேள், நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஆடி மாதம் எங்கள் லயத்தை எரித்தார்கள். நாங்கள் மேலே ஏலக்காட்டுக்குள் படுத்திருந்தோம். பேத்தியின் வாயை நான் பொத்திக்கொண்டிருந்தேன். என் காம்பராவுக்கு எந்தச் சத்தத்தோடு தீ வந்தது என்று எனக்குத் தெரியும். ரேடியோ அதற்குள் போயிற்று. உன் கடிதங்கள் போயின. பாஸ்போட் மட்டும் என் மடியில் இருந்தது. இதையெல்லாம் எழுதினால் நீ கண்ணில் தூக்கமில்லாமல் இருப்பாய் என்றுதான் காற்று, மிளகுக் கொடி என்று எழுதினேன். அப்படிப்பட்ட எனக்கு நீ இல்லாத கூண்டை ஏற்றிக் காட்டுகிறாய்.

பாப்பம்மா


தபால் அட்டை
பாம்பன், 02.06.1984

அக்காவுக்கு, கடிதம் கிடைத்தது. காந்தாவைக் கோபிக்க வேண்டாம். உங்களுக்கென்று புதுப்பாய் வாங்கிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாள். பிள்ளைகளை அதில் படுக்கவிடுவதில்லை. எரிந்ததை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கடல் சரியில்லை.

செல்லச்சாமி


ஸெய்னுலாப்தீன் கடை,
19.08.1984

தம்பி செல்லச்சாமிக்கு அக்கா எழுதுவது. உனக்கும் காந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் உண்டாகட்டும். காந்தாவிடம், பாயைப் பிள்ளைகளுக்கு விரித்துவிடச் சொல். நான் வரும்போது உதறிப் போட்டால் போதும்.

இரண்டரை மாதம் உனக்குப் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே மாலையானால் பேச ஆளில்லை. பேச ஆளில்லாதவளுக்கு யோசிக்க நேரம் உண்டு.

உன் கடிதங்கள் எரிந்தால் என்ன? எல்லாம் எனக்குப் பாடம். எழுபத்தாறில் எழுதினாய்: அம்மாவின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறேன். எழுபத்தொன்பதில்: சமாதிக்குப் பக்கத்துக் கிணறு உப்பாகிவிட்டது, தண்ணீர் வீட்டிலிருந்து தூக்கிப் போகிறேன். எண்பத்தொன்றில்: சமாதி மேல் மணல் ஏறிவிட்டது, பக்கத்தில் கிணறு இல்லாததால் சுத்தம் செய்யக் கஷ்டம். போன வருஷம் பூவரசு, நிழல் கட்டிவிட்டது. நான் அப்போது இதையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் அம்மாவைப் பற்றி நீ எழுதுகிற வரிகளை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அம்மாவிடம் நேரே கூட்டிப் போ என்று நான் எழுதுகிற வரைக்கும் உன் கடல் ஒரு நாளும் கெட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை.

கார்த்திகை மழை. முகாம். புதிதாக வந்த சனம். காய்ச்சல் பட்டவர்களை வேறாகப் பிரித்து வைத்தார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். செத்தவர்களைச் சொந்தக்காரர் வருவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். நீயும் காய்ச்சலில் படுத்திருப்பாய். எழும்பி வந்து கேட்டபோது அம்மாவைப் புதைத்த இடம் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். ஆமாம் என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். நான் கேட்கவில்லை. அங்கே வந்தாலும் கேட்கமாட்டேன். ஒன்றைக் கேட்காமல் விடுவது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியும். முறுக்கையே இன்னும் விடாதவள் நான்.

இறங்கியதும் வீட்டுக்கே கூட்டிப் போ. எனக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை.

நாள் மட்டும் சொல்.

அக்கா


பாம்பன்,
28.09.1984

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். காந்தா வந்து கூட்டிப்போனாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு உண்மை அக்கா. அது ஒன்று உண்மை. கடற்கரையில், காற்றுக்கு மறைவாகப் படகுகளுக்குப் பின்னால் வைக்கிறேன். நீங்கள் வந்த பிறகு நீங்கள் வையுங்கள்.

கச்சான் ஓய்ந்துவிட்டது. வாடை வர இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நாள்தான் கடலில் ஒரு காற்றும் இல்லாத நாள். வங்காள விரிகுடாவிலும் ஒன்றும் உருவாகவில்லை. ஆபீஸர் ஐயாவிடமே கேட்டேன். “கூட்டிட்டு வாய்யா, பச்சப் புள்ளய வச்சுக்கிட்டும் வரலாம்” என்றார். கூண்டு ஆபீஸ் அறையில் தரையில் கிடக்கிறது. நீங்கள் கரையில் கால் வைக்கிற வரைக்கும் அதை ஏற்றத் தேவை வராது.

ஐப்பசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு வாருங்கள். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். ஒரு எலுமிச்சங்காயை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில் உட்காருங்கள், அங்கே ஆட்டம் தெரியாது. சுங்கத்தில் கேட்டால், பாம்பன் துறைமுகத்துச் செல்லச்சாமியின் அக்கா என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

நான் இராமேஸ்வரம் ஜெட்டியில் நிற்பேன். காலையிலிருந்தே நிற்பேன்.

உங்கள் தம்பி,
செல்லச்சாமி


ஸெய்னுலாப்தீன் கடை,
ரத்தோட்டை வீதி.
11.11.1984

தம்பி செல்லச்சாமிக்கு அக்கா பாப்பம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு தூரம் போய்வந்தும் முழங்கால் தாங்கியது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் எனக்கு ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் கிடைத்தது. பிள்ளைக் காம்பராவைக் கூட்டிவிட்டு, சாவியைக் கங்காணியிடம் கொடுத்தேன். நானாவும் றமீஸாவும் பஸ் வரைக்கும் வந்தார்கள். “ஆச்சி, போய்ச் சேந்ததும் காயிதம் போடுங்க, இல்லாட்டி வாப்பா ரேடியோவ விட்டு எந்திரிக்க மாட்டாரு” என்றாள் அந்தப் பிள்ளை. மாத்தளையில் பஸ் மாறினேன். எரிந்த கடைகளில் பாதியைக் கட்டியிருக்கிறார்கள், பாதி அப்படியே நிற்கிறது. நாலந்தா தாண்டியதும் மலை முடிந்துவிட்டது. இவ்வளவு தட்டையான நிலத்தில் நான் இருந்ததில்லை. அனுராதபுரத்தில் கோச்சி ஏறினேன். அதில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. பட்டாளத்துப் பையன்கள்தான் நிறைய இருந்தார்கள். ஒருவன் என் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மேலே இருந்த ஏலக்காய் மணத்தைப் பிடித்துவிட்டு மூடிவிட்டான்.

நீ சொன்ன வெள்ளிக்கிழமையே தலைமன்னார் ஜெட்டிக்கு வந்துவிட்டேன், ஆனால் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். என்னைப் போல் பெட்டியோடு வந்து ஒரு இருபது முப்பது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே உத்தியோகத்தர் ஒருவர் வந்தார்.

“கப்பல் இல்ல ஆச்சி. நிப்பாட்டிட்டாங்க. ஊருக்குத் திரும்பிப் போங்க” என்றார்.

“காத்துக்கா நிப்பாட்டினாங்க?” என்றேன்.

“காத்தா? இல்ல ஆச்சி, சண்ட.”

“எப்ப திரும்ப விடுவாங்க?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது.”

“கடல் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டேன். அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். “கடலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி, நீ எழுதியது அத்தனையும் சரி. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஓர் அலையும் இல்லை. கரையில் தண்ணீர் ஏறுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. தூரத்தில் ஒரு வள்ளம் போனது. அதில் ஒருவன் நின்றுகொண்டே தலை சீவிக்கொண்டிருந்தான். அவ்வளவு அமைதி. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டு, உன் பக்கத்தைப் பார்த்து நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரும் வெளிச்சமும்தான். இதில்தான் அம்மா போனாள் என்று நினைத்தேன். கார்த்திகையில் இது எப்படி மாறும் என்று ரேடியோவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை நம்ப முடியவில்லை.

மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் நான் இருந்தேன். கோச்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பெண்பிள்ளை வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள்.

கங்காணி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எரிந்த வரிசையில் ஒரு காம்பராவுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள், அதை எனக்குத் தருகிறார்களாம். வீசா முடிந்தவள் என்று போலீசில் வந்து கேட்பார்களோ என்று நானா பயப்படுகிறார். வந்து கேட்டால், கப்பலைக் கொண்டுவாருங்கள், ஏறுகிறேன் என்று சொல்வேன்.

கார்த்திகை விஷயத்தை நீ இன்னும் எழுதவில்லை. அதைப் பற்றி இப்போது எழுதாதே. வேறு ஒன்று எழுது. கப்பல் இல்லை என்பது துறைமுகத்தில் வேலை செய்கிற உனக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் நீ அந்த வெள்ளிக்கிழமை ஜெட்டிக்கு வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். வந்தாயா? எந்த நேரம் வரைக்கும் நின்றாய்? நான் இந்தப் பக்கம் நின்ற நேரத்தில் நீயும் நின்றாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அதை மட்டும் எழுது.

அக்கா,
பாப்பம்மா